எறும்பு வந்தால் பயப்பட வேண்டாம்: மெட்ஃபார்மினுக்கு அடுத்து எந்த மாத்திரை?

சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறது எங்கள் மருந்துக்கடை. இராத்திரி ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் மாத்திரை வாங்குகிறவர்கள்தான் காலை நேர வாடிக்கை. அப்படி ஒருநாள் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் வந்து, பாதி தீர்ந்த அட்டையைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"தம்பி, இந்தப் புது மாத்திரை வேண்டாம். பழையதையே குடுத்துடுங்க."

"ஏண்ணா, என்னாச்சு?"

"பாத்ரூம்ல எறும்பு சாரை சாரையா வருது. சுகர் தாறுமாறா ஏறிடுச்சு போல."

இன்னும் டீகூடக் குடிக்கவில்லை என்றார். சரி என்று உட்காரவைத்து விரலில் குத்திப் பார்த்தேன். 128. போன மாதம் இதே நாற்காலியில், இதே வெறும் வயிற்றில் 186 காட்டியது. மிஷின் பழுது என்று அவர் நம்பியதால், இன்னொரு ஸ்டிரிப் வீணாக்கி மறுபடியும் காட்ட வேண்டியிருந்தது.

சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் இந்த நோயைக் கண்டுகொண்டார்கள். மதுமேகம் என்று பெயரும் வைத்தார்கள். இப்போது வந்திருக்கிற ஃப்ளோசின் வகை மாத்திரையோ இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை வேண்டுமென்றே சிறுநீரில் இறக்கிவிடுகிறது. மருந்து வேலை செய்வதால்தான் எறும்பு வந்திருக்கிறது. லேபில் சிறுநீரைக் கொடுத்தாலும் சர்க்கரை நாலு பிளஸ் என்றுதான் வரும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் நல்ல மருந்தை நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

சர்க்கரை நோய்க்கு வழக்கமாக முதலில் எழுதுகிற மெட்ஃபார்மின் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, 7 சதவீதத்தைத் தாண்டியதும் இரண்டாவது மாத்திரை பற்றிய பேச்சு வரும். அப்போது சீட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் நான்கு வகைகளில் ஒன்று. "இதுல எதுங்க நல்லது?" என்று கடையில் கேட்கிறார்கள். எழுதுவது டாக்டர் வேலை, நான் எடுத்துக் கொடுக்கிறவன். ஆனாலும் உள்ளே போனால் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் என்ன கேட்பது என்று தெரிந்துவைத்துக்கொண்டு போகலாம் அல்லவா, அதற்காகத்தான் இது. மெட்ஃபார்மினை விட்டுவிடுவது பற்றி இங்கே பேச்சில்லை. ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அதுதான் அடித்தளம். பல வருடம் போடுகிறவர்கள் மட்டும் எப்போதாவது பி12 வைட்டமின் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு குறைக்கும்?" என்பது. என்னைக் கேட்டால் அதற்கு மூன்றாவது, நான்காவது இடம்தான். முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு மாரடைப்பு வந்திருக்கிறதா, இதயம் பலவீனம் என்று சொல்லியிருக்கிறார்களா, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ‘உப்பு’ என்பார்கள்) ஏறியிருக்கிறதா என்பது. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தேர்வு பாதி முடிந்துவிட்டது.

அடுத்தது லோ சுகர். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டுகிறது பாருங்கள், அது. கூடின சர்க்கரை வருடக்கணக்கில் கெடுக்கும். குறைந்த சர்க்கரை அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

பிறகு எடை ஏறுமா இறங்குமா. அப்புறம் செலவு, அதுவும் பத்து வருடத்துக்குத் தாங்குகிற செலவு. கடைசியாக, எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படாத ஒன்று உண்டு: நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? நேரத்துக்குச் சாப்பாடு உண்டா, நினைத்தபோது தண்ணீர் குடிக்க முடியுமா, பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா? சேலத்தில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு மாத்திரையை ஒப்பிடவே முடியாது என்பது என் கட்சி.

கிளிமிபிரைடு: விலை மலிவு, வேகம் அதிகம்

பழைய கை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். சராசரியை 1 முதல் 1.5 வரை இறக்கிவிடும். அதுவும் சில நாட்களிலேயே குளுக்கோமீட்டரில் தெரியும். விலையோ நான்கிலும் குறைவு. அரசு ஆஸ்பத்திரியில் மெட்ஃபார்மினோடு சேர்த்து இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

சிக்கல் எங்கே என்றால், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. போட்டால் பிழிந்தே தீரும். ஏற்காடு போகிற வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மலைக்கு வேன் ஓட்டுகிற ஒருவர் காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, "மேலே போய் டிபன் சாப்பிட்டுக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். பாதி மலையில் ஸ்டியரிங் பிடித்த கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. நல்லவேளையாக ஓரம் கட்டிவிட்டார். முன்சீட்டில் இருந்த குழந்தையிடம் மிட்டாய் வாங்கித் தின்றுதான் தெளிந்தாராம். அன்று சாயங்காலமே கடைக்கு வந்து குளுக்கோஸ் பொட்டலம் நாலு வாங்கிப்போனார். நான் கொடுத்த யோசனை, பொட்டலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போய் "நான் டிரைவர்" என்று சொல்லுங்கள் என்பது. இரண்டு வருடமாக அதே டாக்டரிடம் போகிறார். தொழில் என்னவென்று இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறைந்திருக்கிற செலவு இதுதான்: அடிக்கடி விரலில் குத்திப் பார்க்க ஸ்டிரிப், பயத்தில் எப்போதும் எதையாவது கொறிப்பது, அதனால் ஏறுகிற ஒன்றிரண்டு கிலோ, கிட்னி பலவீனமான வயதானவர்களுக்கு நடு இராத்திரியில் வருகிற மயக்கமும் ஆம்புலன்சும். மாத்திரை மலிவு என்று நினைத்திருப்போம், ஓர் இரவில் வாடகையோடு வசூலித்துவிடும்.

இருந்தாலும் கிளிமிபிரைடைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சர்க்கரை 350, 400 என்று நிற்கும்போது சீக்கிரம் இறக்க இது உதவும். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிற, இதயமும் கிட்னியும் நன்றாக இருக்கிற, மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் மருந்துக்கு ஒதுக்க முடியாத ஒருவருக்கு இது சரியான மாத்திரை. விலை உயர்ந்ததை எழுதிவாங்கி மாதத்தில் பதினைந்து நாள் மட்டும் போடுவதைவிட, மலிவானதை முப்பது நாளும் போடுவது மேல்.

க்ளிப்டின்கள்: முட்டாத மாடு

சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் என்று பட்டியல் நீளம். சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஒரு ஹார்மோனைச் சீக்கிரம் அழியாமல் காப்பாற்றுவதுதான் இவற்றின் வேலை. சர்க்கரை ஏறினால்தான் இன்சுலினைக் கூப்பிடும் என்பதால், தனியாகவோ மெட்ஃபார்மினோடோ போட்டால் லோ சுகர் அபூர்வம். எடையும் ஏறாது, இறங்காது.

லினாக்ளிப்டினையும் கிளிமிபிரைடையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த கரோலினா ஆய்வு 2019-இல் வெளியானது. ஆறாயிரம் பேரை ஆறு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஆனால் லோ சுகர் வந்தவர்கள் கிளிமிபிரைடில் நூற்றுக்கு 38 பேர், லினாக்ளிப்டினில் 11 பேர். கிளிமிபிரைடு இதயத்தைக் கெடுக்கும் என்ற பழைய பயத்துக்கும் இந்த ஆய்வு ஒரு பதில்.

முட்டாத மாட்டுக்கு இழுப்பும் கொஞ்சம் குறைவு. சராசரி 0.5 முதல் 0.8 வரைதான் இறங்கும். இதயத்துக்கோ கிட்னிக்கோ தனியாக லாபம் கிடையாது. சாக்ஸாக்ளிப்டினில் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது கூடியதாக 2013-இலேயே தெரிந்தது; இதயம் பலவீனமானவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். கிட்னி பழுதானவர்களுக்கு மற்றவற்றில் பலதின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். லினாக்ளிப்டினுக்கு அது தேவையில்லை. 2022-இல் சிட்டாக்ளிப்டினின் காப்புரிமை முடிந்தபிறகு விலையும் கையைக் கடிப்பதில்லை.

மலையில் தனியாக இருக்கிற எழுபத்தைந்து வயது அம்மா, பிள்ளைகள் கீழே சேலத்தில். ஒரு வேளை சாப்பிடுவார், ஒரு வேளை மறந்துவிடுவார். அவருக்கு இதைவிட நிம்மதியான மாத்திரை எனக்குத் தெரியவில்லை.

ஃப்ளோசின்கள்: எறும்பை அழைக்கிற புது மாத்திரை

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். ஐரோப்பாவில் 2012-இல் முதலில் அனுமதி பெற்ற வகை இது. ஆனால் மூல விஷயம் பழசு: 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பின்பற்றி வந்தவைதான் இவை.

நம் கிட்னி ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, அத்தனையையும் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. அந்தத் திரும்பும் வாசலில் ஒரு பகுதியை இந்த மாத்திரை அடைக்கிறது. விளைவு, தினமும் 60 முதல் 80 கிராம் வரை, கிட்டத்தட்ட பதினைந்து டீஸ்பூன் சர்க்கரை, சிறுநீரோடு வெளியே போகிறது. கூடவே கொஞ்சம் உப்பும் நீரும். அதனால் எடை இரண்டு மூன்று கிலோ குறையும், பிரஷரும் சற்று இறங்கும். இன்சுலினைத் தூண்டாததால் தனியாக லோ சுகர் வராது.

சராசரியை இறக்குவதில் இது பெரிய வீரன் இல்லை, 0.5 முதல் 1 வரை. பெயர் வாங்கியது வேறு இடத்தில். 2015-இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த ஏழாயிரம் சர்க்கரை நோயாளிகளிடம் எம்பாக்ளிஃப்ளோசின் இதயச் சாவை 38 சதவீதமும், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதை 35 சதவீதமும் குறைத்தது. சர்க்கரை மாத்திரை ஒன்று இப்படிச் செய்யும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2019, 2020 வருடங்களில் டாபாக்ளிஃப்ளோசின் ஆய்வுகள், சர்க்கரை இல்லாத இதய, கிட்னி நோயாளிகளுக்கும் பலன் உண்டு என்று காட்டின. "எனக்குச் சுகரே இல்லையே, ஏன் சுகர் மாத்திரை எழுதியிருக்காங்க?" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

விலைக்கதையும் மாறிவிட்டது. டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை இங்கே 2020-இல் முடிந்தது. எம்பாக்ளிஃப்ளோசின் 2025 மார்ச் வரை மாத்திரை ஒன்று அறுபது ரூபாயை ஒட்டி இருந்தது. காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் அதில் சிறு பங்கு விலைக்குக் கொண்டுவந்துவிட்டன. "அது பணக்கார மாத்திரை" என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒதுக்கியவர்கள் இப்போது மறுபடி விசாரிக்கலாம்.

இனி மறைந்திருக்கிற செலவுக்கு வருவோம். இதுதான் நான் அதிகம் பேச விரும்புகிற பகுதி.

முதலாவது, அரிப்பு. சர்க்கரை போகிற வழியில் பூஞ்சை வளரும். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம்; வந்தால் களிம்பில் போய்விடும். ஆனால் வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல், மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, டாக்டரிடம் "போடறேன்" என்று சொல்கிறவர்கள் அதிகம். அந்த இடத்தில் கடுமையான வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது, தண்ணீர். சித்திரை மாதம், தகரக் கூரை போட்ட தறிக்கூடம், பத்து மணி நேரம் நின்றே வேலை. வேர்வையிலேயே பாதி நீர் போய்விடும். மாத்திரை இன்னும் கொஞ்சம் இழுக்கும். பிரஷருக்கு நீர் மாத்திரையும் சேர்ந்திருந்தால் எழுந்து நின்றதும் தலை சுற்றும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி உருக்குகிறவர்களுக்கும் இதே கதைதான். எஸ்டேட்டில் காபி பறிக்கப் போகிற பெண்களின் கஷ்டம் இன்னொரு மாதிரி: ஒதுங்க இடம் இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த மாத்திரையை எழுதும்போது கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பதில்லை.

மூன்றாவது அபூர்வம், ஆனால் ஆபத்து. உடம்பில் கீட்டோன் அமிலம் ஏறுவது. சர்க்கரை 200-தான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்று ஆள் கிடப்பார். பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ இதற்கு வழி திறக்கும். பேலியோ டயட்டும் இந்த மாத்திரையும் டாக்டருக்குத் தெரியாமல் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர்கள், குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை ஊர்வலம் பார்க்க வரும்போது மாத்திரை கேட்டால் நான் முதலில் "சாப்பிடறீங்களா?" என்றுதான் கேட்பேன். விரதம், காய்ச்சல், வாந்திபேதி இருக்கிற நாட்களில் இதை நிறுத்திவைப்பது பற்றி முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் என்றால் மூன்று நாளைக்கு முன்பே இந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்வார்கள். எனவே மாத்திரை போடுவதை அறுவை சிகிச்சை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் லேசாக ஏறுவது எதிர்பார்த்ததுதான். "கிட்னியைக் காப்பாத்தற மாத்திரைன்னாங்க, உப்பு ஏறிடுச்சே" என்று பதறி நிறுத்த வேண்டியதில்லை. டாக்டர் பார்த்துச் சொல்வார். டைப் 1 காரர்களுக்கு, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காதவர்களுக்கு, இது இல்லை.

ஜிஎல்பி-1 வகை: வார ஊசியும் அதன் மாத்திரையும்

செமாகுளூட்டைடு, டிர்செபடைடு. க்ளிப்டின் காப்பாற்றுகிற அந்தக் குடல் ஹார்மோனைப் போலவே வேலை செய்கிற மருந்துகள். சராசரியையும் எடையையும் இறக்குவதில் நான்கிலும் இதுதான் முதலிடம். செமாகுளூட்டைடு ஊசி இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது என்று ஆய்வுகள் உண்டு. மவுன்ஜாரோ என்ற பெயரில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது மாதச் செலவு 14,000 முதல் 17,500 ரூபாய். செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் அதன் விலையைப் பற்றி இப்போது உறுதியாக எழுதி வைப்பதில் அர்த்தமில்லை, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2022-இல் ரைபெல்சஸ் என்ற பெயரில் வந்த செமாகுளூட்டைடு மாத்திரைக்கு ஒரு நிபந்தனை: எழுந்ததும் வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் எதுவும் கூடாது. காபியும்தான். ஏற்காட்டுக் காபித்தூள் மணக்கிற வீட்டில் இது மாத்திரை விலையைவிடப் பெரிய செலவு.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பித்தப்பைக் கல் எல்லாம் வரலாம். தொடங்குவதற்கு முன் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. குடும்பத்தில் மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் வேண்டாம். புது ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வருகிற மலைக்கிராமத்தில் அது ஒரு கவலை. நிறுத்தினால் எடை திரும்பிவரும். சுகரே இல்லாமல், கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று சீட்டில்லாமல் கேட்டு வருகிறவர்களை வந்த வழியே அனுப்பிவிடுகிறேன்.

ஒரு பார்வையில்

| | சராசரி குறைவது | லோ சுகர் | எடை | இதயம், கிட்னி | மாதச் செலவு |
|---|---|---|---|---|---|
| கிளிமிபிரைடு | 1–1.5 | உண்டு | ஏறும் | தனி லாபம் இல்லை | மிகக் குறைவு |
| க்ளிப்டின் | 0.5–0.8 | அபூர்வம் | அப்படியே | தனி லாபம் இல்லை | நடுத்தரம் |
| ஃப்ளோசின் | 0.5–1 | அபூர்வம் | 2–3 கிலோ இறங்கும் | நல்ல லாபம் | நடுத்தரம், பிராண்டுக்குப் பிராண்டு மாறும் |
| ஜிஎல்பி-1 ஊசி | 1–2, சிலருக்கு மேலும் | அபூர்வம் | நன்றாக இறங்கும் | லாபம் உண்டு | நான்கிலும் அதிகம் |

"அபூர்வம்" என்பதெல்லாம் கிளிமிபிரைடோ இன்சுலினோ கூடச் சேராதவரைதான்.

யாருக்கு எது

இதயம் பலவீனம், அல்லது சிறுநீரில் புரதம்: ஃப்ளோசின் பற்றி முதலில் கேளுங்கள்; சராசரி 7-க்குள் இருந்தாலும் கேளுங்கள். டிரைவர், உயரத்தில் வேலை செய்கிற பெயிண்டர், நேரத்துக்குச் சாப்பிட முடியாதவர்: கிளிமிபிரைடைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். தனியாக இருக்கிற முதியவர், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறவர், வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேலை செய்கிறவர்: க்ளிப்டின். நாற்பது வயது, நூறு கிலோ, சராசரி 9, வருடக்கணக்கில் செலவு தாங்கும்: ஊசி. கையில் காசில்லை, மற்றபடி உடம்பு திடம்: கிளிமிபிரைடு, ஆனால் சாப்பிடாமல் போடக் கூடாது.

எறும்புக்காரருக்குப் புரதம் ஒழுகுகிறது. எனவே மாத்திரையை நிறுத்தாமல், இரண்டு லிட்டர் பாட்டிலைத் தறிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். டாக்டரிடம் கேட்டுப் பிரஷருக்கான நீர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டார். எறும்புக்கு ஒரு வாளி தண்ணீர் அதிகம் ஊற்றுகிறார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், மூன்று மருந்தை ஒன்றாக அடைத்து வருகிற மாத்திரைகள். விலை குறையும், எண்ணிக்கை குறையும். ஆனால் வாந்திபேதி வந்த அன்று ஃப்ளோசினை மட்டும் நிறுத்துங்கள் என்றால் எப்படி நிறுத்துவது? புதிதாகத் தொடங்கும் முதல் சில மாதங்களாவது தனித்தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது என்பேன்.

அப்புறம், சீட்டோடு வீட்டில் இருக்கிற பழைய அட்டைகளையும் கொண்டுவாருங்கள். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த பையில் வெவ்வேறு பெயரில் இரண்டு அட்டை, ஒன்று இதய டாக்டர் எழுதியது, ஒன்று சுகர் டாக்டர் எழுதியது. பின்பக்கம் திருப்பினால் இரண்டும் டாபாக்ளிஃப்ளோசின், இரண்டும் 10 மில்லிகிராம். மூன்று வாரமாகக் காலையில் ஒன்று, இராத்திரி ஒன்று என்று போட்டிருக்கிறார். இரண்டு டாக்டருக்கும் போன் போட்டுக் கேட்டு, ஒன்று போதும் என்று ஆன பிறகு, இரண்டாவது அட்டையை ஓரமாக வைத்தேன். அவர் அதைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "அப்போ இது ரெண்டு மாசத்துக்கு வருமுங்களா?"